ஸ்கூல் போர்டுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் முடிவு வேண்டும்

இரா. (சன்னிவேல், கலிபோர்னியா) எழுதியது:

நண்பர்களே, ஓர் அவசர உதவி. நவம்பர் தேர்தலுக்காக எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்கு நாலு பக்கத் துண்டறிக்கை ஒன்று அடிக்கிறோம். யாருக்குப் போடுவது என்று சொல்லப் போவதில்லை, எதற்காகப் போடுகிறோம் என்று மட்டும்தான். இங்கே வாக்குச்சீட்டில் பெரிய பதவிகள் எல்லாம் முடிந்து கீழே போனால் ஸ்கூல் போர்டு (உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் குழு) என்று ஒரு பகுதி வரும். கட்சிப் பெயர் இருக்காது, வேட்பாளர் பெயரும் தொழிலும்தான். நம்மவர்கள் நிறையப் பேர் அதைத் தொடாமலே உறையை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளை படிப்புக்காகவே கூடுதல் வாடகை கொடுத்துக் குப்பர்டினோ பக்கம் குடிவந்தவர்கள்தான் இவர்கள்!

வரைவில் இப்போது இருப்பவை: பள்ளி வாரியம், பள்ளி மாவட்டம், அறங்காவலர் (போர்டு உறுப்பினரை இங்கே ட்ரஸ்டி என்கிறார்கள்), கண்காணிப்பாளர் (சூப்பரின்டெண்டென்ட், போர்டு வேலைக்கு எடுக்கும் தலைமை அதிகாரி), செயல்திறன் (பெர்ஃபார்மன்ஸ்). என் மனைவி படித்துவிட்டு "இதென்ன, பாதி கோயில் பாதி ஜெயில்?" என்றாள். வெள்ளி காலை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

மீ. (சென்னை) எழுதியது:

சார், ஸ்கூல் போர்டு என்றே போட்டுவிடுங்கள். அங்கே இருக்கிறவருக்குப் 'பள்ளி வாரியம்' என்றால் மனசுக்குள் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்துத்தான் புரியும். எனக்கு வாரியம் என்றதும் கரண்ட் பில்தான் ஞாபகம் வருகிறது. மின்வாரியம், குடிநீர் வாரியம், வீட்டுவசதி வாரியம், இதில் எதற்காவது நாம் ஓட்டுப் போட்டு ஆள் உட்கார வைத்திருக்கிறோமா? அரசு போடும், அரசு எடுக்கும். பள்ளியோடு வாரியத்தைச் சேர்த்தால் இன்னும் மோசம், சிபிஎஸ்இ மாதிரி பரீட்சை நடத்துகிற அமைப்பு என்றுதான் வாசகர் நினைப்பார். ஓட்டு என்கிற விஷயமே சொல்லுக்குள் காணாமல் போகிறது.

தி.ந. (மதுரை) எழுதியது:

அம்மையார் மின்கட்டணத்தை வைத்துச் சொல்லாய்வு செய்வது வேதனை. தேர்தலோடு பிறந்த சொல் தமிழில் ஒன்று உண்டென்றால் அது வாரியம்தான். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919-உம் 921-உம். ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாப் பாலகனை விட்டு எடுக்கச் செய்தார்கள். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் என அமைந்தன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவினரும் மறுபடி குடவோலைக்கு வரக்கூடாது என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். இதைவிடப் பொருத்தமாக ஒரு போர்டுக்கு எந்தச் சொல்லைக் காட்டுவீர்கள்?

வேரையும் பார்ப்போம். வாரி என்றால் வருவாய். 'வாரி பெருக்கி வளம்படுத்து உற்றவை ஆராய்வான்' என்ற குறள் எந்த அதிகாரத்தில் வருகிறது? தெரிந்து வினையாடல், அதாவது ஆளறிந்து பொறுப்புக் கொடுத்தல். வாரியை ஆளும் குழு வாரியம். வார்தல் நீளுதல், வாரம் பங்கு, இவற்றையும் இதே வேரில் வைத்து விரிவாகக் காட்ட முடியும். இரவு எழுதுகிறேன்.

மீ. எழுதியது:

ஐயா, இரவு எழுத வேண்டாம், அவருக்கு வெள்ளிக்குள் வேண்டும். குடவோலை குலுக்கல், ஓட்டு இல்லை. அதிலும் வரி கட்டுகிற கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வயசு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெண்கள் கிடையவே கிடையாது. பிரம்மதேய ஊரின், அதாவது பிராமணருக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை விதி அது. அதைக் கொண்டுவந்து கலிபோர்னியாவில் ஒட்டினால் எப்படி?

குலுக்கல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சான் பிரான்சிஸ்கோவில் 2021-இல் போர்டு, மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் லோவெல் உயர்நிலைப் பள்ளியைக் குலுக்கல் முறைக்கு மாற்றியது. அதற்குச் சற்று முன், கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடக்கும்போது, லிங்கன் பெயர் உட்பட 44 பள்ளிகளின் பெயரை மாற்ற வாக்களித்திருந்தது. 2022 பிப்ரவரி 15 அன்று ஏழு பேரில் மூன்று பேரை மக்கள் ஓட்டுப் போட்டே வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்ற நால்வரைத் திரும்ப அழைக்க அப்போது சட்டத்தில் வழியில்லை. எந்த மின்வாரியத் தலைவருக்கு இந்தப் பயம் உண்டு?

ப. (ரொறன்ரோ) எழுதியது:

இந்த இழையைப் பார்க்கச் சிரிப்பு வருகுது. எங்களுக்கு இங்கே இந்தச் சொல் எப்போதோ கிடைத்துவிட்டது. ரொறன்ரோ கல்விச்சபை, யோர்க் பிராந்தியக் கல்விச்சபை, கல்விச்சபை உறுப்பினர். தமிழ்ப் பத்திரிகை, வானொலி, தேர்தல் நோட்டீஸ் எல்லாவற்றிலும் இதுதான். எங்கட ஆக்களே நின்று வென்றிருக்கினம், வீட்டுப் படலையில் வந்து ஓட்டுக் கேட்கும்போது ட்ரஸ்டி என்றும் சொல்லுவார்கள், கல்விச்சபை என்றும் சொல்லுவார்கள், ஒருவருக்கும் குழப்பமில்லை. வழங்குகிற சொல் இருக்கப் புதிதாக ஏன் கிண்ட வேண்டும்?

டிஸ்ட்ரிக்ட்டுக்கு மாவட்டம் வேண்டாம். இலங்கையில் மாவட்டம் வேறு, கல்வி வலயம் வேறு. வலயக் கல்விப் பணிப்பாளர், அதற்குக் கீழே கோட்டக் கல்விப் பணிப்பாளர். கல்வி வலயம் என்று போடுங்கோ, பணிப்பாளர் என்றும் போடுங்கோ. உங்கட கோயிலும் சிறையும் இரண்டும் தீர்ந்தது.

(சபை, சபை என்று பெருமையாகச் சொல்கிறேன், ஆனால் 2025 ஜூனில் ஒன்ராறியோ அரசு ரொறன்ரோ சபையைத் தன் மேற்பார்வைக்குள் எடுத்துவிட்டது. 22 உறுப்பினர் இருந்தும் கைகட்டி நிற்க வேண்டிய நிலை.)

இரா. எழுதியது:

வலயம் எனக்குப் பிடித்திருக்கிறது, காரணம் சொல்கிறேன். இங்கே கல்வி எல்லையும் ஊர் எல்லையும் ஒன்றல்ல. குப்பர்டினோ யூனியன் என்கிற வலயம் ஆறு நகரங்களின் துண்டுகளை உள்ளடக்கியது, எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிள்ளை ஃப்ரீமாண்ட் யூனியன் உயர்நிலை வலயத்துக்குப் போகும். அதற்கும் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃப்ரீமாண்ட் நகரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த நகரத்துக்கு ஃப்ரீமாண்ட் யுனிஃபைட் என்று மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே வலயம் தனியாக உண்டு. வீடு வாங்கும்போது இந்தக் கோடுகளை ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டைவிட நம்மவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். ஆனால் ஒரே வீட்டுக்கு இரண்டு போர்டு, இரண்டுக்கும் ஓட்டு உண்டு என்பது தெரியாது. 'மாவட்டம்' என்று எழுதினால் கவுண்டி (பல நகரங்கள் அடங்கிய நிர்வாகப் பிரிவு) என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்படியே யூனியன், யுனிஃபைட் இரண்டுக்கும் சொல் கொடுத்தால் புண்ணியம். ஒன்றியம், ஒருங்கிணைந்தது?

செ. (கோவை) எழுதியது:

ஒன்றியம் என்று எழுதலாமா, இல்லை அதற்கும் டெல்லியிலிருந்து ஆட்சேபம் வருமா? :)

வே. (பெங்களூரு) எழுதியது:

தமிழ்நாட்டில் எல்லாவற்றிலும் ஒன்றியத்தைக் கொண்டுவந்து சொருகுவது ஒரு வியாதியாகிவிட்டது. அரசியலமைப்பில்

மட்டுறுத்துநர்:

ஒன்றிய அரசா மத்திய அரசா என்ற விவாதம் இந்தக் குழுவில் ஏற்கெனவே போதுமான அளவு நடந்தாயிற்று. இதன் பிறகு அது பற்றி வருகிற மடல்கள் வெளியாகா. பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவோம்.

கா. (பாளையங்கோட்டை) எழுதியது:

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் என்ற முறையில் ஒரு வார்த்தை. மீ. அவர்கள் போர்டு என்பதை ஆங்கிலம் என்கிறார்கள், தி.ந. ஐயாவும் அப்படித்தான் நினைக்கிறார். எங்கள் பக்கத்துக் கிழவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் படித்தது 'போர்டு ஸ்கூல்', 'போர்டு ஹைஸ்கூல்'. ஜில்லா போர்டு நடத்திய பள்ளிக்கூடங்கள். அந்த ஜில்லா போர்டுக்குத் தேர்தல் உண்டு, பிரசிடெண்ட் பதவிக்கு ஊர்ப் பெரிய மனிதர்கள் போட்டி போட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் அமைப்பு ஒன்று பள்ளிக்கூடம் நடத்துவது நமக்குப் புதிதல்ல, மறந்துவிட்டோம், அவ்வளவுதான். ஆகவே போர்டு என்ற சொல்லுக்கு வாரியத்தைவிடப் பள்ளியோடு நெருக்கம் அதிகம்.

இன்றைக்கு நம்மிடம் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் வந்தது, முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று விதி. ஆனால் அது ஒரு பள்ளிக்கு மட்டும், வரி போடவோ ஆசிரியரை நியமிக்கவோ முடியாது. குழப்பிக்கொள்ளக் கூடாதே என்று சொல்கிறேன்.

தி.ந. எழுதியது:

போர்டு தமிழாகிவிட்டதாம். அப்புறம் பஸ்ஸும் தமிழ், லைட்டும் தமிழ். சபை வடசொல் என்பதாவது ரொறன்ரோ நண்பருக்குத் தெரியுமா? வாரியம் வேண்டாமென்றால் அவை இருக்கிறது. அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரமே வள்ளுவர் வைத்திருக்கிறார். அமைவது அவை. கல்வியவை என்று சொல்லிப் பாருங்கள், நாவில் தேன்.

ப. எழுதியது:

ஐயா, 'கல்வியவை' என்றால் கல்வி சார்ந்தவை என்ற மாதிரி அஃறிணைப் பன்மையாக அல்லவா கேட்குது. அவையே சபாவிலிருந்து வந்தது என்போரும் உண்டு, அந்தக் கிணற்றுக்குள் நான் இறங்கவில்லை.

மீ. எழுதியது:

சபையைவிட மன்றம் பரவாயில்லையா? சட்டமன்றம், நகர்மன்றம், நாடாளுமன்றம். தமிழில் மன்றம் என்றால் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் உட்காரும் இடம். 'கல்வி மன்றம்' என்று எழுதினால் தேர்தல் தானாகவே ஒட்டிக்கொண்டு வரும். உறுப்பினரைக் கல்வி மன்ற உறுப்பினர் என்றால் அறங்காவலர் தொல்லையும் போச்சு.

செ. எழுதியது:

ரசிகர் மன்றம்?

கா. எழுதியது:

பள்ளிக்கூடத்தில் மன்றம் என்றால் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் இலக்கிய மன்றம்.

அ. (நியூ ஜெர்சி) எழுதியது:

சொல்லுக்குள் தேர்தலைத் திணிக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு பாடு? எல்லா இடத்திலும் போர்டு தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. நியூயார்க் நகரில் 2002 முதல் பள்ளிகள் மேயர் கையில். சிகாகோவில் 1995 முதல் மேயர் நியமித்தார், 2024 நவம்பரில்தான் முதல் தேர்தல், அதுவும் 21 பேரில் 10 பேருக்கு மட்டும், மீதி 11 நியமனம். 'மன்றம்' சிகாகோவுக்குப் பாதிதான் பொருந்தும் என்று சொல்வீர்களா?

நான் கேட்க வந்தது வேறு. 'செயல்திறன்' என்று எழுதியிருக்கிறீர்களே, யாருடைய செயல்? பள்ளியினுடையதா, மாணவனுடையதா, போர்டினுடையதா? துண்டறிக்கையில் 'பள்ளிகளின் செயல்திறனைப் பார்த்து வாக்களியுங்கள்' என்று வந்தால் மதிப்பெண் குறைந்ததற்கு போர்டு உறுப்பினரைக் கேள்வி கேட்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

இரா. எழுதியது:

அ. தொட்டது நிஜமான சிக்கல். முன்பு இங்கே தேர்வு மதிப்பெண்ணை வைத்து மாநிலம் ஒவ்வொரு பள்ளிக்கும் கொடுக்கும் ஏபிஐ என்று ஒரு எண் இருந்தது, 200-லிருந்து 1000 வரை, 800 இலக்கு. நம்மவர்கள் 950-க்கும் 960-க்கும் இடையில் வீடு மாற்றிய காலம். அது போய், 2017-இலிருந்து ஐந்து நிறம்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். நிறம் இந்த ஆண்டு நிலையை மட்டும் காட்டாது, போன ஆண்டிலிருந்து எவ்வளவு மாறியது என்பதையும் சேர்த்துத்தான் வருகிறது. அதனால் நல்ல மதிப்பெண் உள்ள பள்ளியும் சரிந்தால் நிறம் இறங்கும்.

போர்டு வகுப்பில் பாடம் எடுப்பதில்லை. சூப்பரின்டெண்டென்ட்டை வேலைக்கு எடுப்பதும் அனுப்புவதும், பட்ஜெட், ஆசிரியர் சங்கத்தோடு ஒப்பந்தம், எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு, எந்தப் பள்ளியை மூடுவது, இதெல்லாம் அவர்கள் கையில். 2013-இலிருந்து மாநிலப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதிலும் வலயங்களுக்குக் கூடுதல் சுதந்திரம். மதிப்பெண்ணில் அதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். வாக்காளரும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை: தென் கரோலினாவில் 2000 தேர்தலில் மதிப்பெண் சரிந்த இடங்களில் பதவியில் இருந்தவர்கள் அடி வாங்கினார்கள், 2002-இலும் 2004-இலும் அந்தத் தொடர்பு காணவில்லை என்று ஓர் ஆய்வு உண்டு.

அதனால் செயல்திறனை எடுத்துவிடுகிறேன். வேறு?

கா. எழுதியது:

அடைவு. தேசிய அடைவுத் தேர்வு என்று நாங்கள் நடத்தியிருக்கிறோம். மாணவன் எதை அடைந்தான் என்பது மட்டும். பள்ளிக்கு நல்ல பெயரா கெட்ட பெயரா என்பது அதில் இல்லை.

ப. எழுதியது:

ஓம், அடைவு மட்டம். இலங்கையிலும் அதேதான். அபூர்வமாக இரண்டு கரையும் ஒத்துப்போன இடம், கை வைக்காதேங்கோ.

மீ. எழுதியது:

அடகு மாதிரி கேட்கிறது. சரி, பரவாயில்லை.

பணிப்பாளர் மட்டும் தமிழ்நாட்டு வாசகருக்குச் சுத்தமாகப் புரியாது. கண்காணிப்பாளர் என்றால் ஆபீஸ் சூப்பிரெண்டு, இல்லாவிட்டால் எஸ்.பி. தலைமைக் கல்வி அலுவலர் என்று போடுங்கள், நம்மூர் முதன்மைக் கல்வி அலுவலர் சாயலில்.

இரா. எழுதியது:

அச்சகத்துக்குப் போகிற வடிவம் இது. முதல் பக்கத்தில் 'ஸ்கூல் போர்டு எனப்படும் கல்விச் சபை' என்று ஒரு தடவை, பிறகு கல்விச் சபை. டிஸ்ட்ரிக்ட் கல்வி வலயம். ட்ரஸ்டி கல்விச் சபை உறுப்பினர். சூப்பரின்டெண்டென்ட் தலைமைக் கல்வி அலுவலர். பெர்ஃபார்மன்ஸ் வருகிற இடமெல்லாம் மாணவர் அடைவு. யூனியனையும் யுனிஃபைடையும் பெயர்ச்சொல்லாக அப்படியே விட்டுவிட்டேன். மன்றத்துக்கு மூன்று பேர், சபைக்கு நான்கு பேர், வாரியத்துக்கு ஒருவர். இதைப் பெரும்பான்மை என்று சொல்ல எனக்கே கூச்சம்தான்.

கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி சேர்த்திருக்கிறேன். விசாவில் இருக்கும் பெற்றோர் "எங்களுக்கு இதில் என்ன?" என்று கேட்பார்கள். எங்கள் கவுண்டியில் குடியுரிமை இல்லாமல் வாக்களிக்க முடியாது. சான் பிரான்சிஸ்கோவில் 2016 வாக்கெடுப்பில், குடியுரிமை இல்லாத பெற்றோரும் கல்விச் சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று மக்கள் ஏற்றார்கள். 2022-இல் ஒரு நீதிமன்றம் ரத்து செய்தது, 2023-இல் மேல் நீதிமன்றம் செல்லும் என்றது. ஓட்டு இல்லாவிட்டாலும் சபைக் கூட்டத்துக்குப் போய்ப் பொதுமக்கள் நேரத்தில் எழுந்து பேச யாருக்கும் தடையில்லை, அதையும் எழுதியிருக்கிறேன்.

ப. எழுதியது:

கல்விச்சபை ஒரே சொல். நடுவில் இடைவெளி விடாதேங்கோ.

தி.ந. எழுதியது:

சபை என்று அச்சேறுவதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். வாரி, வாரம், வாரியம் பற்றிய கட்டுரையின் முதல் பகுதியைத் தனி இழையாக இன்றிரவு அனுப்புகிறேன். ஏரி வாரியத்துக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பு இரண்டாம் பகுதியில் வரும்.

மீ. எழுதியது:

ஏரிக்கும் கல்விக்குமா, ஐயா?