நிக்கோல் டேவிட்டைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து, ஒரு அம்மா

கிரிக்கெட் என்றால் கொழும்பில் எந்தத் தேநீர்க் கடையிலும் பேச ஆள் கிடைக்கும். ஸ்குவாஷ் என்றால், "அது சுவரில் அடிக்கிறதுதானே?" என்று கேட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். என் மகளுக்கு அந்த விளையாட்டுத்தான் உயிர். ரியூஷன் முடிந்து வந்த களைப்பிலும் றக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவளுடைய அறையில் ஒட்டியிருக்கும் ஒரே படம் மலேசிய ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட்டுடையது. அவர் விளையாடுவதை நேரில் பார்த்தவர்கள் நம்மில் இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

என் அக்கா கலியாணம் கட்டிப் போனது மலேசியாவிலுள்ள பினாங்குக்கு. 2014 மார்ச்சில் நாங்கள் அங்கே போயிருந்த நேரம் பெண்களுக்கான உலகச் சாம்பியன்ஷிப் அந்த ஊரில் நடந்தது. 2013க்கு உரிய போட்டி, தள்ளிப்போய் அப்போதுதான் நடந்தது. நிக்கோல் பிறந்து வளர்ந்த ஊரே பினாங்குதான். அப்பா இந்திய வம்சாவளி, அம்மா சீன வம்சாவளி. அதனால் அரங்கத்தில் எல்லாரும் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் அரையிறுதிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்.

எனக்கு அப்போது இந்த விளையாட்டின் விதிகூடத் தெரியாது. கண்ணாடிச் சுவருக்குள் இரண்டு பேர். பந்து சுவரில் படும் சத்தத்தைவிட, சப்பாத்து தரையில் கிரீச்சிடும் சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. நிக்கோல் உயரமான ஆள் இல்லை. பலமாக அடிக்கிறவர் மாதிரியும் தெரியவில்லை. ஆனால் பந்து எந்த மூலைக்குப் போனாலும் அங்கே அவர் இருந்தார். அன்றைக்கு அதுவும் போதவில்லை. எகிப்திலிருந்து வந்த 18 வயது நூர் எல் ஷெர்பினியிடம் தோற்றார். பக்கத்து இருக்கையில் இருந்த சீனப் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினார். தொடர்ந்து பல ஆண்டுகளாக உலகின் முதல் இடத்தில் இருந்தவர், சொந்த ஊரில், சொந்தச் சனத்தின் முன்னால் தோற்பது எவ்வளவு கொடியது என்று ஒன்றும் தெரியாத எனக்கே விளங்கியது.

அதே ஆண்டு டிசம்பரில் அடுத்த உலகச் சாம்பியன்ஷிப் கெய்ரோவில் நடந்தது. அதற்குள் நான் இந்த விளையாட்டைத் தேடிப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். இறுதி ஆட்டம் எகிப்தின் ரனீம் எல் வெலிலியோடு. இம்முறை சனம் முழுக்க எதிராளி பக்கம். நிக்கோல் 2-1 என்று பின்தங்கி, நான்காவது கேமில் நான்கு மெட்ச் போல் வரை போய்விட்டார். ஒரு புள்ளி விட்டால் எல்லாம் முடிந்தது. ஒவ்வொன்றாகத் தடுத்தார். அந்த கேம் 14-12, அடுத்தது 11-5. அவருடைய எட்டாவது உலகப் பட்டம் அதுதான். பினாங்கில் விட்டதைக் கெய்ரோவில் எடுத்தார். வென்ற ஆட்டங்களின் பட்டியலை விட, தோற்ற பிறகு அந்த ஒன்பது மாதம் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நான் என் மகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, பழைய மார்க்கர்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை என் பேரன் வாசித்துக் காட்டினான். நான் கொழும்பில் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்தவன். மார்க்கர் என்றால், கோர்ட்டைத் திறந்து கூட்டி, ஸ்கோர் சொல்லி, சோடி கிடைக்காத மெம்பருக்கு எதிராக நின்று அடித்துக் கொடுக்கிற ஆள். றக்கெட் நரம்பு கட்டுவதும் நாங்கள்தான். எங்கள் பெயர் எந்தக் கிண்ணத்திலும் இருக்காது. ஆனால் யார் நல்ல ஆட்டக்காரன் என்று எங்களை விட யாருக்கும் தெரியாது.

எங்கள் காலத்து அரசன் பாகிஸ்தானின் ஜஹாங்கீர் கான். 1979இல் 15 வயதில் உலக அமெச்சூர் பட்டம் வென்றவர். அடுத்த மாதமே அவருடைய அண்ணன் தோர்சம், அவுஸ்திரேலியாவில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார். பிள்ளை விளையாட்டையே விட்டுவிட நினைத்ததாம். விடவில்லை. 1981இல் ரொறொன்ரோவில் ஜெஃப் ஹன்ட்டை வென்று 17 வயதில் உலகச் சாம்பியன். அந்த ஆண்டு தொடங்கி ஐந்தரை ஆண்டு தோல்வியே இல்லை. 1986இல் துலூஸில் றோஸ் நோர்மன்தான் அதை முறித்தார். பிரிட்டிஷ் ஓப்பனை ஜஹாங்கீர் பத்து முறை தொடர்ந்து வென்றார். பத்திரிகையில் அவரைப் பற்றி வந்ததை எல்லாம் வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டி வைத்திருந்தேன்.

நிக்கோலை நான் நேரில் கண்டதில்லை. பேரனுடைய போனில்தான் பார்த்தேன். ஆனால் ஒரு விஷயம் உடனே பிடிபட்டது. பந்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். அடித்து முடித்த உடனே கோர்ட் நடுவில் இருக்கும் 'T' வடிவக் கோட்டுக்கு அவர் திரும்புகிற விதத்தைப் பாருங்கள். மெம்பர்மார் தாங்கள் அடித்த நல்ல அடியை நின்று ரசிப்பார்கள், அதற்குள் அடுத்த பந்து வந்துவிடும். நிக்கோல் ரசிப்பதே இல்லை. பெரிய அடி, சின்ன அடி, தப்பித்த அடி, எல்லாவற்றுக்கும் பிறகு அதே இடத்துக்கு அதே வேகத்தில் வருவார். முதல் கேமிலும் ஐந்தாவது கேமிலும் அந்த வேகம் மாறாது. ஜஹாங்கீரைப் பற்றியும் அதைத்தான் சொல்வார்கள். நாள் முழுக்க ஓடக்கூடிய உடம்பு இருந்தால்தான் அது நடக்கும்.

நம்முடைய ஊரில் இதைப் பழகுவது இன்னும் கஷ்டம். மே, ஜூன் மழைக்காலத்தில், ஏசி இல்லாத கோர்ட்டில் சுவர் வியர்க்கும். காலையில் போய்ப் பார்த்தால் முன்சுவரில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். நீளத் தடியில் பழைய துவாயைச் சுற்றி நான் துடைப்பேன், கால் மணி நேரத்தில் திரும்ப வியர்க்கும். ஈரத்தில் பட்ட பந்து வழுக்கிக்கொண்டு கீழே போகும், தரையில் காலும் வழுக்கும். மற்ற நாட்களில் சூட்டுக்குப் பந்து எகிறும், ஆட்டத்தை முடிக்கவே முடியாது. அப்படிப்பட்ட கோர்ட்டில் வளர்ந்த பிள்ளை பொறுமையைப் படித்துவிடும். பினாங்கும் நம்மைப் போல வெக்கையான ஊர்தான். நிக்கோலின் பொறுமையில் அதற்கும் பங்கு இருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015இல் பெண்கள் ஆட்டத்தில் முன்சுவரின் அடியில் இருக்கும் டின்னின் (பந்து பட்டால் தவறாகிவிடும் தகட்டின்) உயரத்தை 48 சென்ரிமீற்றரிலிருந்து 43க்குக் குறைத்தார்கள். முன்னால் மெதுவாக விழுத்துகிற பந்துக்கு இடம் கூடியது. நீண்ட ஆட்டம் ஆடி எதிராளியைக் களைக்க வைக்கிறவர்களுக்கு அது இழப்பு, முன்னால் வெட்டி முடிக்கிற எகிப்துப் பிள்ளைகளுக்கு இலாபம். தொடர்ந்து 108 மாதம் முதல் இடத்தில் இருந்த நிக்கோல் அதே ஆண்டு செப்டெம்பரில்தான் இடத்தை விட்டார். வயதும் 32. டின் மட்டுந்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஐந்து சென்ரிமீற்றர் என்பது இந்த விளையாட்டில் பெரிய தூரம்.

தெஹிவளையிலிருந்து

நான் 2010இல் டில்லியில் வேலையாக இருந்தேன். கொமன்வெல்த் போட்டி நடந்தபோது சிரி ஃபோர்ட் அரங்கத்தில் பெண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்க்கக் கிடைத்தது. நிக்கோல் இங்கிலாந்தின் ஜெனி டன்கால்ஃபை நேர் கேம்களில் வென்றார். ஆட்டம் சுருக்கமாக முடிந்ததால் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. என் மனதில் நிற்பது பதக்கம் கொடுத்த நேரம். மலேசியக் கொடி ஏறியபோது எனக்குப் பின்னால் இருந்த சென்னைப் பையன்கள் தங்கள் வீட்டில் யாரோ வென்ற மாதிரி கத்தினார்கள். நானும் கத்தினேன்.

ஒரு கவலையும் உண்டு. தன் உலகப் பட்டங்களை எல்லாம் கொடுத்தாவது ஒரு ஒலிம்பிக் தங்கம் வாங்கத் தயார் என்று நிக்கோல் சொல்லியிருந்தார். 2012க்கும் 2016க்கும் 2020க்கும் ஸ்குவாஷைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள், மூன்று முறையும் சேர்க்கவில்லை. கடைசியில் 2028 லொஸ் ஏஞ்சல்ஸுக்குச் சேர்த்தார்கள். நிக்கோல் ஓய்வு பெற்றது 2019இல். அவருக்கு இழைத்த அநியாயம் என்றுதான் நான் இதைச் சொல்வேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து, விளையாடும் ஒரு மாணவி

அன்ரி, உங்கள் மகளுக்கு அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படமும் ஒட்டச் சொல்லுங்கள். சிவசங்கரி சுப்பிரமணியம். மலேசியாவின் கெடாவைச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் தனிநபர் இறுதியில் நிக்கோலை எதிர்த்து ஆடியவர் அவர்தான். அப்போது வயது 19. மூன்று கேம் முடிய சிவசங்கரி 2-1 என்று முன்னால் நின்றார். பிறகு கடைசி இரண்டு கேமையும் நிக்கோல் எடுத்தார். ஆசியப் போட்டித் தனிநபர் பிரிவில் அவருக்கு அது ஐந்தாவது தங்கம், முதலாவது 1998இல். அந்த ஆட்டத்தை நான் பலமுறை பார்த்துவிட்டேன். கொட்டாஞ்சேனை ஐயா சொன்ன மாதிரி, நான்காவது கேமிலிருந்து பந்தை விட்டுவிட்டு நிக்கோலின் காலை மட்டும் பாருங்கள். வயது தெரியாது.

அதே ஜகார்த்தாவில் அணிப் பிரிவில் சென்னையின் ஜோஷ்னா சின்னப்பா நிக்கோலை வென்றார் என்பதையும் மறக்க வேண்டாம். நம் பக்கத்துப் பெண்கள் இந்த விளையாட்டில் எட்ட முடியாத தூரத்தில் இல்லை.

சிவசங்கரி 2022இல் கார் விபத்தில் சிக்கித் தலையிலும் கழுத்திலும் எலும்பு முறிந்து கிடந்தார். அடுத்த ஆண்டு ஹாங்சோவில் ஆசியத் தங்கம். நிக்கோல் 2003 அளவில் பினாங்கை விட்டு ஆம்ஸ்டர்டாம் போய் லிஸ் ஏர்விங்கிடம் பயிற்சி எடுத்தார். வெளிநாடு போக வசதி இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அது தூரத்துக் கதை. இப்போது அவரே கோலாலம்பூரில் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு ஸ்குவாஷும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கும் அமைப்பை நடத்துகிறார். கொழும்பில் நாமும் சிறிதாக ஏதாவது செய்யலாமே. என்னிடம் நரம்பு அறுந்த பழைய றக்கெட்டுகள் சில இருக்கின்றன. கொட்டாஞ்சேனை ஐயா நரம்பு கட்டித் தருவார் என்றால், அன்ரியின் மகளோடு படிக்கிற பிள்ளைகளில் ஆசையுள்ளவர்களுக்கு அவற்றைக் கொடுத்துவிடலாம். ஐயா, கட்டுவீர்களா?

கொட்டாஞ்சேனையிலிருந்து, பழைய மார்க்கர்

கட்டுவேன் பிள்ளை. நரம்பு மட்டும் வாங்கி வாருங்கள். கூலி வேண்டாம்.