மாக் டெஸ்ட் எழுதியதில் உங்கள் மனதில் நின்றுபோனது எது?

சைதாப்பேட்டைக்காரி:

போன தடவை எஃப்.எம்.ஜி.இ.யில், அதாவது வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே டாக்டராக வேலை செய்ய எழுதும் தேர்வில், எனக்கு 147. இன்னும் மூன்று வந்திருந்தால் பாஸ். வீட்டில் எழுதிய கடைசி ஆறு ஜிடியிலும் (கிராண்ட் டெஸ்ட், முழு மாதிரித் தேர்வு) 165-க்குக் கீழே போனதே இல்லை.

அந்த ஆறையும் எழுதிய விதம்தான் இன்னும் உறுத்துகிறது. காலை 9 மணிக்குக் கதவைச் சாத்திவிடுவேன். போன் அம்மாவிடம். கையில் வளையல், வாட்ச் எதுவும் கிடையாது. குக்கர் விசில் கேட்கக் கூடாதென்று அம்மா 8 மணிக்குள் சமையலை முடித்துவிடுவார். தெருவில் கீரைக்காரம்மா குரல் கொடுத்தால் பால்கனியிலிருந்தே கையைக் காட்டி அனுப்பிவிடுவார். இவ்வளவும் செய்துவிட்டு, முதல் 150 கேள்வி முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு உடனே அடுத்த 150-க்கு உட்கார்ந்துவிடுவேன். சீக்கிரம் முடித்தால் தூங்கலாமே என்றுதான்.

தேர்வன்று 11.30-க்கு வெளியே விட்டார்கள். அடுத்த பகுதி 2 மணிக்கு. நடுவில் இருக்கும் இந்த இரண்டரை மணி நேரத்தை நான் ஒரு நாள்கூடப் பழகியதில்லை. வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். பக்கத்தில் நாலு பேர் வட்டமாக நின்று காலைக் கேள்விகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கேள்வி என்னவென்று எழுத மாட்டேன், வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதானே எழுதுகிறோம். ஒரு பையன் விடையைச் சத்தமாகச் சொன்னான். நான் முதலில் போட்டது அதைத்தான். கடைசி நேரத்தில் மாற்றியிருந்தேன். எடுத்த தயிர்சாதம் ஸ்பூனிலேயே நின்றது. மதியம் முதல் 50 கேள்வி முழுக்கத் திரையில் ஒரு கேள்வி, தலைக்குள் அந்தக் காலைக் கேள்வி.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

கோட்டூர்புரம்:

எனக்குச் சிக்கல் பச்சை நிறத்தால் வந்தது. ஆறு மாதம் போனில்தான் கேள்வி போட்டேன். விடையைத் தொட்டதும் பச்சையோ சிவப்போ வரும், கீழே விளக்கம் வரும். முதல் முழு ஜிடியை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கும் பகுதியில் லேப்டாப்பை விரித்து எழுதினேன். வீட்டை விட அங்கே அமைதி, ஏசியும் உண்டு. 37-வது கேள்வியில்தான் கவனித்தேன்: ஒவ்வொரு விடைக்குப் பிறகும் சில விநாடி சும்மா உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பச்சை வரட்டுமென்று. 50 நிமிடம் ஆனதும் அந்த 50 கேள்விப் பிரிவு பூட்டிக்கொண்டது. ஒன்பது கேள்வி வெறுமையாக நின்றது. நெகட்டிவ் மார்க்கே இல்லாத தேர்வு. எதையாவது அழுத்தியிருந்தால்கூட இரண்டு மூன்று தேறியிருக்கும்.

வேளச்சேரி:

தங்கச்சி, மன்னிக்கணும், இடைவேளையைக் குறை சொல்வதை நான் ஏற்க மாட்டேன். முதலில் போட்ட விடையை மாற்றினீர்கள் பாருங்கள், கோளாறு அங்கே. இடைவேளையில் யார் என்ன பேசினாலும், அந்த மார்க் போனது காலையிலேயே.

நான் எழுதியது 2024 ஜனவரி 20 அன்று. அதற்கு முந்தைய மாதம் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை, கீழ்வீட்டில் முட்டளவு தண்ணீர். மாடியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பழைய நோட்டில் நானே கேள்வி எழுதி, நானே விடை போட்டேன். என் கதை அவ்வளவுதான்.

இப்போது எழுதப்போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். தயவுசெய்து லேப்டாப் டச்பேடில் பழகாதீர்கள். மையத்தில் இருப்பது மவுஸ், அதுவும் பலர் கைபட்டுத் தேய்ந்த மவுஸ். தெருவில் ப்ரௌசிங் சென்டர் இருந்தால் வாரம் ஒரு நாள் அங்கே போய் எழுதுங்கள். பக்கத்தில் ஒருத்தர் ஆதார் பிரிண்ட் எடுப்பார், பிரிண்டர் கத்தும், அதுவும் நல்லதுதான். எக்ஸ்ரே, ஈசிஜி படங்களைப் போனில் விரலால் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். முந்தைய நாள் இரவு 10 மணிக்குப் படுங்கள். காலையில் மூன்று இட்லிக்கு மேல் வேண்டாம். மதியம் சோறு பாதி வயிறுதான், இல்லையென்றால் 3 மணிக்குக் கண் சொக்கும். மையம் ஊருக்கு வெளியே ஏதாவது பொறியியல் கல்லூரியில் விழுந்தால் ஒரு நாள் முன்னதாகவே பஸ்ஸில் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் பவரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, சந்தேகக் கேள்வியை மார்க் செய்துவிட்டு மேலே போங்கள், கடைசியில் 150-யும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.

கோட்டூர்புரம்:

அண்ணா, அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். நீங்கள் எழுதியபோது திரும்பிப் போக முடிந்தது. அதற்குப் பிறகுதான் பிரிவுக்கு 50 கேள்வி, 50 நிமிடம் என்று வந்தது. மணி அடித்தால் அந்தப் பிரிவு போச்சு, திறக்காது. உங்களை நம்பி யாராவது கேள்வியைத் தள்ளிவைத்தால் பாவம். அப்புறம், விடையை மாற்றியதற்காக அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்த மரத்தடியில் நின்ற யாருக்கும் மதியம் கை நடுங்கியிருக்கும்.

அண்ணா நகர்:

நான் எழுதியது வேறு தேர்வு, பிளாப் இரண்டாம் பகுதி. வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் பிரிட்டனில் வேலை செய்ய எழுதுவது. அது மான்செஸ்டரில் நடக்கும். கதவுக்கு வெளியே ஒன்றரை நிமிடம் தாளைப் படிக்க வேண்டும், உள்ளே எட்டு நிமிடம் நோயாளியாக நடிப்பவரிடம் பேச வேண்டும். இப்படி ஒவ்வொன்றையும் ஸ்டேஷன் என்பார்கள். நாங்கள் மூன்று பேர் தோழி வீட்டில் பழகினோம். படுக்கையறைக் கதவுகள்தான் ஸ்டேஷன். ஒவ்வொரு கதவிலும் செல்லோடேப்பில் ஒரு தாள். மணிக்குப் பதில் எவர்சில்வர் தட்டும் கரண்டியும்.

ஒரு நாள் ஆள் குறைந்தது. தோழியின் அப்பா தானே வந்து உட்கார்ந்தார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஐசியுவில் இறந்துவிட்டார் என்று நான் அவரிடம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன், என்ன தெரியும் என்று கேட்டேன், மெதுவாகச் சொன்னேன். அவர் பதிலே பேசவில்லை. இடது கை வேட்டி ஓரத்தை மடித்தது, பிரித்தது, மறுபடி மடித்தது. எனக்கு நேரம் ஓடுகிறதே என்று பயம். வருத்தம் தெரிவித்தேன், ஆலோசகர் இருக்கிறார் என்றேன், யாரையாவது கூப்பிடவா என்றேன், ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பேசிக்கொண்டே போனேன். தட்டு அடித்தது. அவர் எழுந்து, "சரிம்மா, நல்லாச் சொன்னே" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்.

தோழி அப்புறம்தான் சொன்னாள், ஆன்ட்டி போய் அன்றைக்கு ஐந்து மாதம்தான். ஆன்ட்டி இல்லை என்பது எனக்குத் தெரியும், நாளைத்தான் மறந்திருந்தேன். தாளில் இருந்த ஸ்டேஷனை மாற்றிவைக்க எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தேர்வில் பாஸ் ஆகிவிட்டேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கிளைப் போய்ப் பார்க்கிறேன். அதைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் கேட்கவில்லை.

சைதாப்பேட்டைக்காரி:

அக்கா, இதை இரண்டு தடவை படித்தேன். அடுத்த தடவை அங்கிளிடம் நீங்களே பேச்சை எடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

வேளச்சேரி அண்ணா, மவுஸ் வாங்கிவிட்டேன். ஆனால் இடைவேளை விஷயத்தில் நான் என் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஜிடி. இந்தத் தடவை 11.30-க்கு எழுந்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன், 2 மணி வரை. கூட வந்து உட்கார்ந்து, ஏதாவது ஒரு கேள்விக்கு நான் தப்பாகப் போட்டேன் என்று சத்தமாகச் சொல்லச் சொல்லித் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.