வைஃபை அட்டையை இயக்கும் டிரைவர் எது என்று முனையத்தில் அறிவது எப்படி?

கேள்வி (பாளையங்கோட்டை):
பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி அதில் டெபியன் லினக்ஸ் நிறுவியுள்ளேன். வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது. அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவர் எது என்று தெரிந்தால்தான் தீர்வைத் தேட முடியும் என்பதால் 'எல்எஸ்மாட்' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். நீண்ட பட்டியல் வந்ததே தவிர, அதில் என் அட்டைக்குரியது எது என்று புரியவில்லை.

பதில் 1 (அம்பாசமுத்திரம்):
'எல்எஸ்மாட்' நினைவகத்தில் ஏறியிருக்கும் மாடுல்களை (கெர்னல் எனும் லினக்ஸின் மையப் பகுதியோடு சேரும் துண்டு நிரல்களை) மட்டுமே சொல்லும். எது எந்த வன்பொருளைப் பிடித்திருக்கிறது என்று சொல்லாது. 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்று கொடுங்கள். அதில் 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரிதான் இப்போது இயங்கும் டிரைவர். அதற்கடுத்த 'கெர்னல் மாடுல்ஸ்' வரியில் இருப்பவை அந்த அட்டைக்குப் பொருந்தக்கூடியவை மட்டுமே. பலர் இரண்டாவது வரியைப் படித்துவிட்டு ஏமாறுகிறார்கள். முதல் வரியே இல்லையென்றால், எந்த டிரைவரும் அட்டையோடு இணையவில்லை என்று பொருள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணாச்சி. அட்டை பிராட்காம் பிசிஎம்4313. ஆனால் முதல் வரியில் 'பிசிஎம்ஏ-பிசிஐ-பிரிட்ஜ்' என்று வருகிறது. இதுவா வைஃபை டிரைவர்?

பதில் 2 (தென்காசி):
இல்லை. பெயரிலேயே இருப்பதுபோல் அது பாலம். சுலோச்சன முதலியார் பாலத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதன்மேல் போகும் பேருந்து எந்த ஊருக்கு என்று சொல்ல முடியாதல்லவா? பிராட்காமின் இவ்வகை அட்டைகளில் பிசிஐ பக்கத்தை (கணினியோடு இணையும் பக்கத்தை) அந்தப் பாலம் பிடித்துக்கொள்ள, உள்ளேயிருக்கும் வைஃபை பகுதியை வேறொரு டிரைவர் இயக்குகிறது. எனவே வலை இடைமுகத்தின் (கணினி வலையமைப்போடு பேசும் வாயிலின்) வழியாகக் கேட்க வேண்டும். 'ஐபி லிங்க்' கொடுத்து இடைமுகத்தின் பெயரை அறிந்துகொண்டு, 'ஈத்டூல் -ஐ' என்பதோடு அந்தப் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். 'டிரைவர்' என்ற வரியில் விடை இருக்கும். ஈத்டூல் நிறுவப்படவில்லையெனில், '/சிஸ்/கிளாஸ்/நெட்/' அடைவில் அந்த இடைமுகத்தின் பெயருக்குக் கீழுள்ள 'டிவைஸ்/டிரைவர்' என்ற இணைப்பை 'ரீட்லிங்க்' கொண்டு படித்தாலும் போதும். யூஎஸ்பியில் செருகும் அட்டையாக இருந்தால் எல்எஸ்பிசிஐ உதவாது. அங்கே 'எல்எஸ்யூஎஸ்பி -டி' ஒவ்வொரு கருவிக்கும் எதிரே டிரைவரைக் காட்டும்.

கேள்வி கேட்டவர்:
'பிஆர்சிஎம்எஸ்மேக்' என்று வந்தது. ரீட்லிங்கும் அதையே காட்டுகிறது.

பதில் 1 (அம்பாசமுத்திரம்):
பாலத்தை நான் எண்ணிப்பார்க்கவில்லை. தென்காசிக்காரர் சொன்னதே சரி. இனி 'மாட்இன்ஃபோ பிஆர்சிஎம்எஸ்மேக்' கொடுத்தால் அதன் விவரங்கள் கிடைக்கும். இணைப்பு அறுந்த உடனே கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளையின் வெளியீட்டில் அப்பெயர் வரும் வரிகளை எடுத்து இங்கே இடுங்கள்.