‘ஃபேர் டிரேட்’: ‘தாங்குவிலை வணிகம்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஏழை நாடுகளின் சிறு உழவர்களுக்குக் குறைந்தபட்ச விலையை உறுதிசெய்து விளைபொருளை வாங்கும் ஏற்பாடான ‘ஃபேர் டிரேட்’ என்பதற்கு ‘நியாய வணிகம்’ என்பதையே நிலைநிறுத்தலாம் என்று முந்தைய மடலில் கண்டேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் ‘நியாய விலை’ என்றதும் நினைவுக்கு வருவது துவரம் பருப்பைக் கிலோ 30 ரூபாய்க்குத் தரும் ரேஷன் கடை. அங்கே நியாயம் வாங்குபவருக்கு. நாம் பெயர் தேடுவதோ, விளைவித்து விற்பவரைக் காக்கும் ஏற்பாட்டுக்கு.

‘அறவணிகம்’ என்ற இன்னொரு சொல்லும் கேட்க இனிமையானது; ஆனால் கலைச்சொல் ஓர் ஏற்பாடு இயங்கும் விதத்தைச் சொல்ல வேண்டுமேயன்றி, அதற்கு நற்சான்று வழங்கக் கூடாது. ஏழை நாடுகளுக்கு இதனால் உண்மையிலேயே நன்மை உண்டா என்ற கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை.

1988இல் மெக்சிகோவின் சிறு காப்பி உழவர்களுக்காக நெதர்லாந்தில், இப்படி வாங்கிய காப்பி என்பதை அடையாளம் காட்டும் ‘மாக்ஸ் ஹவேலார்’ முத்திரை தொடங்கப்பட்டது. 2001இல் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு அராபிகா காப்பி 50 சென்ட்டுக்கும் கீழே விழுந்தபோது, முத்திரையின் கீழ் விற்ற கூட்டுறவுச் சங்கங்களுக்கு 126 சென்ட் கிடைத்தது. அதில் 5 சென்ட் சங்க உறுப்பினர்கள் கூடி முடிவெடுத்துச் செலவிடும் பொதுத்தொகை. எஞ்சிய 121 சென்ட்தான் குறைந்தபட்ச விலை; சந்தை விலை அந்த வரம்பைத் தாண்டினால் சந்தை விலையும் அதன்மேல் பொதுத்தொகையும் தரப்படும். விழும் விலைக்கு முட்டுக்கொடுப்பதுதான் இதன் சாரம்.

ஆனால் சங்கம் விளைவித்த எல்லாக் காப்பிக்கும் முத்திரை விலையில் வாங்குவோர் கிடைப்பதில்லை. எஞ்சியது சந்தை விலைக்கே போகிறது. அந்தத் தோட்டங்களில் காப்பி பறிக்கும் கூலியாட்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் ஆய்வு செய்து லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நிறுவன ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட அறிக்கை, முத்திரை பெற்ற பகுதிகளில் கூலியாட்களின் ஊதியம் மற்ற இடங்களைவிட மேம்பட்டிருக்கவில்லை என்றது. விலை உழவரைத் தாங்கியிருக்கலாம், நிலமற்றவரை எட்டவில்லை. இதை அறிந்த பிறகும் ‘அறம்’ என்று பெயரிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

எனவே ‘தாங்குவிலை வணிகம்’ என்பதை முன்வைக்கிறேன். நெல்லுக்கு அரசு அறிவிக்கும் ‘ஆதரவு விலை’யோடு பொருளில் உறவுடையது; ஆனால் இங்கே விலையைத் தாங்குவது அரசன்று, வாங்குபவர் என்பதால் தனிச்சொல் தேவை. இன்று இவ்வகைப் பொருள்களில் காணும் ‘ஃபேர்டிரேட்’ முத்திரையின் பெயரை மட்டும் அப்படியே ஒலிபெயர்த்து எழுதலாம். ‘பொதுத்தொகை’ என்பதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.