மானாவாரிக் காட்டில் மரம் வைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூலனூரான்:
கடனுக்காக நிலத்தை மதிப்பிட வந்தவர் எங்கள் கொறங்காட்டின், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தின், படலைத் தாண்டி நாலு எட்டு வைத்தார், அவ்வளவுதான். "பயிர் ஒண்ணும் இல்லையே, தரிசுன்னுதான் எழுதணும்" என்றார். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல் மரங்கள். கோடை என்பதால் புல் காய்ந்து கிடந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் குனிந்து, அவர் காலடியில் கிடந்த வேலங்காயை எடுத்து ஒடித்து, விதையை உள்ளங்கையில் உதிர்த்துக் காட்டினார். "இதுதானுங்க வெள்ளாமை. மழை வர்ற வரைக்கும் எங்க ஆடு மாடு இதைத் தின்னுதான் நிக்குது." அவர் எழுதியது என்னவோ தரிசு என்றுதான். காங்கேயம் மாடு இந்த வறண்ட பூமியில் நிலைத்ததில் கொறங்காட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அது எந்தக் கணக்கிலும் ஏறாதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

புதுக்கோட்டைக் கடலைக்காரன்:
மாடு வைத்திருப்பவருக்கு அது சரி. விதைத்துப் பிழைக்கிறவன் பாடு வேறு. பக்கத்து நிலத்தில் தைலமரம். எங்கள் பக்கம் வரப்போரக் கடலை மட்டும் மதியமானால் துவண்டுவிடும். பெரியவர்களை வைத்துக்கொண்டு தோண்டினோம். மணிக்கட்டுப் பருமனில் வேர், எங்கள் நிலத்துக்குள் ஓடியிருந்தது. மரக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "வேருக்கு எல்லை தெரியுமாப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி மறக்கவே மாட்டேன் என்கிறது. மரம் நல்லது என்பவர்கள், அது யாருடைய ஈரத்தைக் குடித்து வளர்கிறது என்பதையும் சொல்லட்டும்.

வடக்கே இருந்தவன்:
கடலைக்காரரே, தைலமரத்தை வைத்து எல்லா மரத்தையும் எடைபோடாதீர்கள். ராஜஸ்தானில் ஜோத்பூர் பக்கம் வேலையில் இருந்தபோது கம்பங்காட்டுக்கு நடுவிலேயே வன்னி மரங்களைப் பார்த்தேன். நம் கோயில்களில் சுற்றிவருகிற அதே வன்னிதான், அங்கே கேஜ்ரி. டிராக்டரில் உழுதுகொண்டு வந்த ஒரு பெரியவர் திடீரென்று கலப்பையைத் தூக்கினார், வளைத்தார், மறுபடி இறக்கினார். போய்ப் பார்த்தால் தானாக முளைத்த ஒரு வன்னிக் கன்று, முழங்கால் உயரம்கூட இல்லை. அதன் வேர் ஆழத்துக்கு இறங்கும், இலை பொடிசு, நிழல் அடர்த்தி கிடையாது. மரத்தடிக் கம்பு கருகருவென்று நின்றதை என் கண்ணால் பார்த்தேன். குளிர்காலத்தில் கிளை கழித்துத் தழையை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுகிறார்கள். சாங்கரி என்று காயைச் சமைக்கிறார்கள். 1730இல் இந்த மரத்தை வெட்டவிடாமல் கேஜர்லி கிராமத்தில் பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த 363 பேர் உயிரையே கொடுத்திருக்கிறார்கள்.

திண்டுக்கல் மானாவாரி:
எங்கள் வேப்பங்கன்றுகளை வெள்ளாடுகள் ஒரே ராத்திரியில் மேய்ந்து முடித்தன. விடிந்து பார்த்தால் குச்சிதான் மிச்சம். அதனால் சொல்கிறேன், முதலில் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) ஊன்றி உயிர்வேலி எழுப்புங்கள். புதுக்கோட்டை நண்பர் மரத்துக்கும் பயிருக்கும் நடுவே மூன்றடி ஆழத்தில் அகழி எடுக்கலாம். மேல்வேர் அறுபடும், மழைநீரும் தங்கும். ஆனால் அவ்வப்போது தூர் எடுக்காவிட்டால் வேர் திரும்ப வந்துவிடும். மர வரிசை கிழக்கு மேற்காக இருந்தால் பயிர்மேல் நிழல் குறையும். விதைப்புக்கு முன்னால் கிளை கழித்துவிடுங்கள். கோடை மழையை நம்பிக் கன்று நடாதீர்கள். புரட்டாசி ஐப்பசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்துக்கொள்ளும். முதல் கோடைக்கு மட்டும் குடத்தில் தூக்கியாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்புறம் சந்தனம். பட்டா நிலமானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது, திருட்டு பயமும் உண்டு. மூலனூர் நண்பரே, அடங்கல் என்கிற கிராமச் சாகுபடிக் கணக்கில் மரங்களைப் பதியச் சொல்லி கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள்.

ராமநாதபுரம் மிளகாய்க்காடு:
அகழி, அடங்கல் எல்லாம் சரி. எங்கள் ஊரில் நடந்தது இது. எருவுக்காக ஆட்டுக்கிடை போட வந்த கீதாரி (ஆடு மேய்ப்பவர்) பக்கத்துப் பொட்டல் காட்டையும் எங்கள் காட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மத்தியானம் என் ஆடு எங்கண்ணே படுக்கும்?" என்று கேட்டுவிட்டு, வரப்போர வாகையையும் வேம்பையும் காட்டி, எங்கள் காட்டிலேயே கிடையை மறித்தார். ராத்திரிப் புழுக்கையோடு பகல் புழுக்கையும் எங்களுக்கே கிடைத்தது. அடுத்த வெள்ளாமையில் மிளகாய் அந்தப் பக்கம்தான் தெளிவாக வந்தது. கடலைக்காரர் ஈரத்துக்குக் கணக்குக் கேட்டார், இந்த எருவையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். மரத்துக்கு நேர் கீழே காய்ப்பு குறைவுதான், அதை மறைக்கவில்லை.