நெட்டை நிறுத்தினால் தமிழும் நின்றுவிடுகிறது, எப்படி எழுதுகிறீர்கள்?

காவிரிக்கரை:
தீபாவளி மலருக்கு ஒரு கதை தருகிறேன் என்று வாய் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது, இன்னும் இரண்டு பக்கம் தாண்டவில்லை. வேலைக்குப் போகிற ஆள் என்பதால் காலை ஐந்திலிருந்து ஆறரை வரைதான் எனக்கென்று இருக்கிற நேரம். நேற்று என்ன ஆயிற்று என்றால், கதையில் ஒரு பெரியவர் மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து கமலை இறைக்கிறார், அந்தத் தண்ணீர் மொள்ளுகிற சாலுக்கு அடியில் தோலில் குழாய் மாதிரி ஒன்று தொங்குமே, அதற்குப் பெயர் என்ன என்று கூகுளைத் திறந்தேன். அங்கே ஒரு கமலை வீடியோ, அதில் வந்த மாட்டைப் பார்த்துக் காங்கேயம் காளை, அப்புறம் மாட்டுச் சந்தை, சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பரோட்டாக் கடை. நிமிர்ந்தால் மணி ஆறே கால். பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

நெட்டை அணைத்துவிட்டு உட்கார் என்கிறார்கள். நான் தமிழ் அடிப்பதே பிரவுசரில்தான், ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தருகிற பக்கத்தில். நெட் போனால் ‘அம்மா’கூட அடிக்க முடியாது. போனில் பேசி எழுதலாம் என்றால், கையில் எடுத்ததும் விரல் தானாக வாட்ஸ்அப்புக்குப் போகிறது. நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

தட்டச்சுக்காரி:
உங்கள் சிக்கல் மன உறுதி இல்லாதது அல்ல, விசைப்பலகை. எழுதுகிற தாளையே சந்தைக்கு நடுவில் விரித்து வைத்திருக்கிறீர்கள். புது விண்டோஸில் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும், அதன்பின் அடிக்க நெட் தேவையே இல்லை. ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர் என்றால் அதே மாதிரி ஒலிப்படி அடிக்கிற ‘அஞ்சல்’ என்ற விசைப்பலகை முறை கைக்குச் சுலபமாக வரும். பொறுமை இருந்தால் தமிழ் 99 கற்றுக்கொள்ளுங்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட முறை, உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும், நடுவில் இருக்கிற புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். முதல் பத்து நாள் எரிச்சலாகத்தான் இருக்கும், நான் ‘ஞ’வைத் தேடியே பாதி காலையைக் கழித்திருக்கிறேன். ஆனால் வை-ஃபையை அணைத்துவிட்டு வெறும் நோட்பேடில் எழுத முடிகிற சுகம் இருக்கிறதே, அது தனி.

பழையமடிக்கணினி:
அலுவலக வேலைக்காக நெட்டை முழுசாக அணைக்க முடியாதவர்களுக்கு லீச்பிளாக் என்று பிரவுசரில் சேர்த்துக்கொள்கிற ஒரு நீட்சி இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டிலும் ஓடும், காசு கிடையாது. எந்தத் தளங்கள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று கொடுத்துவிட்டால் அந்த நேரத்தில் திறக்காது. அடைத்த நேரத்தில் அதன் அமைப்புப் பக்கத்தையும் பூட்டச் சொல்லி ஒரு வசதி உண்டு, அதை மறக்காமல் போடுங்கள். நான் போடாமல் விட்டேன், மூன்றாம் நாளே நானே போய்த் திறந்துவிட்டேன். ஆண்ட்ராய்டு போனில் ஃபோகஸ் மோட் போட்டால் தேர்ந்தெடுத்த செயலிகள் மங்கிவிடும், அறிவிப்பும் வராது. இல்லையென்றால் போனை அடுத்த அறையில் சார்ஜில் போடுங்கள். என்னுடையது சமையலறையில் மிக்ஸி பக்கத்தில் கிடக்கிறது.

பொமோடோரோ என்று யாராவது வந்து சொல்வார்கள், முந்திக்கொள்கிறேன். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துக்கொண்டு படித்ததில் வந்தது, 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. கட்டுரைக்கும் பரீட்சைக்கும் சரி. கதைக்கு எனக்கு ஒத்துவரவில்லை. பெண்டாட்டியும் புருஷனும் அப்போதுதான் சண்டையை ஆரம்பித்திருப்பார்கள், மணி அடித்துவிடும். அந்த ஐந்து நிமிட ஓய்வில்தான் நான் யூடியூப் பக்கமே போனேன்.

செவக்காட்டான்:
இவர்கள் சொன்னதெல்லாம் சரி, ஆனால் கமலைக் கதை எழுதுகிறவர் நெட்டுக்குப் போனது வேடிக்கை பார்க்க இல்லையே, ஒரு சொல் தெரியாமல்தான் போனார். அந்த ஓட்டையை அடைக்காமல் என்ன பூட்டு போட்டும் பயனில்லை. தெரியாத இடத்தில் நான் ‘ஃஃ’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இன்றைய உரைநடையில் எந்தச் சொல்லிலும் இரண்டு ஆய்தம் சேர்ந்து வராது, அதனால் கடைசியில் ‘ஃஃ’ என்று தேடினால் விட்ட இடம் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். எழுதி முடித்த பிறகு மொத்தமாக ஒரே நாளில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். பாதிக்கு மேல் தேவையே இல்லை என்று அப்போது தெரியும், அந்த வாக்கியத்தையே வெட்டியிருப்பேன்.

அப்புறம், கமலைச் சாலுக்கு எங்கள் பக்கம் கூனை என்று பெயர், அடியில் தொங்குகிற தோலுக்கு வால்.

காவிரிக்கரை:
பத்து நாள் கழித்து வருகிறேன். அஞ்சல் முறை போட்டுக்கொண்டேன், வேகம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. போன் பீரோவுக்குள். கதை ஒன்பது பக்கம், அதில் பதினொரு ஃஃ. ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து பார்த்ததில் ஆறு தேவைப்படவில்லை, நான்கு நெட்டில் கிடைத்தன. மிச்சம் ஒன்று வால். உறுதிப்படுத்திக்கொள்ள அம்மாவிடம் கேட்டேன், “வாலுதான், வேற என்ன, இதுக்கா ஒரு மாசம் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த?” என்றார்.

தட்டச்சுக்காரி:
நல்லது. பதிவு போட்ட நேரம் காலை 5.40 என்று காட்டுகிறதே?