புதிதாக ஏ-இசட் உரிமம் எடுத்தவர்களுக்கு: முதல் டிரக் கம்பெனியில் கையெழுத்துப் போடும் முன்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ட்ரெய்லர் பூட்டிய பெரிய டிரக்கை ஓட்டுவதற்கான ஏ-இசட் உரிமம் கைக்கு வந்தவுடன் தம்பிமார் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, எந்தக் கம்பெனி மைலுக்கு அதிகம் கொடுக்கிறது?" என்பதுதான். கேட்பதில் தவறில்லை. பயிற்சிப் பள்ளிக்காக வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. மாதம் பிறந்தால் வாடகை. ஊரில் வீட்டார் பணத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். இருந்தாலும் முதல் ஓர் ஆண்டுக்கு அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். "என்னைப் பழக்க என் பக்கத்தில் யார் உட்காருவார், எத்தனை வாரம் உட்காருவார்?" என்பதை முதலில் கேளுங்கள்.

2017 ஜூலை முதல் இந்த மாகாணத்தில் ஏ வகுப்பு உரிமத்துக்குக் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். வகுப்பறைப் பாடம், வண்டிச் சோதனை, யார்டில், அதாவது வண்டிகள் நிறுத்தும் வளாகத்தில், பின்னுக்கு எடுப்பது, சாலையில் ஓட்டுவது எல்லாம் அதற்குள் அடக்கம். தேர்வில் தேற அது போதும். முழுச் சுமையோடு, ஜனவரி மாத இரவில், சுப்பீரியர் ஏரியை ஒட்டிய நெடுஞ்சாலை 17-இன் சரிவுகளில் தனியாக இறங்க அது போதவே போதாது. நான் பயின்ற ட்ரெய்லர் காலியாகத்தான் இருந்தது. சுமை ஏறிய வண்டி நிற்பதற்கு எவ்வளவு தூரம் எடுக்கும் என்பது வேலைக்குப் போன பிறகுதான் என் காலுக்குத் தெரிந்தது.

2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஹம்போல்ட் பிராங்கோஸ் ஹாக்கி அணியின் பஸ்ஸும் ஒரு டிரக்கும் மோதி 16 பேர் இறந்தார்கள். டிரக்கை ஓட்டியவர் நம்மைப் போலவே வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய இளைஞர். இன்னொரு ஓட்டுநரோடு இரண்டு வாரம் போய்வந்த பிறகு, இரண்டு ட்ரெய்லர் பூட்டிய வண்டியோடு அவரைத் தனியாக அனுப்பியிருந்தார்கள். பின்னால் தார்ப்பாய் அவிழ்ந்து படபடத்துக்கொண்டிருந்தது. அதைக் கவனித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தக் குறியைத் தவறவிட்டார். அவருக்கு 8 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 2024-இல் நாடுகடத்தும் உத்தரவும் வந்தது. கம்பெனி உரிமையாளர் கட்டியது 5,000 டாலர் அபராதம். இறந்த பிள்ளைகளின் குடும்பங்களை நினைக்கும்போதும், அந்த இளைஞனை நினைக்கும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. பழக்காமல் அனுப்பும் கம்பெனியிடம் "போகிறேன்" என்று தலையாட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கில் இருப்பது உங்கள் கை. வழக்கும் உங்கள் பெயரில்தான் வரும்.

ஆகவே நேர்முகத்தில் துருவிக் கேளுங்கள். பழக்கும் ஓட்டுநர் எத்தனை ஆண்டு ஓடியவர்? அந்த வாரங்களுக்குச் சம்பளம் உண்டா? இன்னும் முக்கியமானது, நான் ஓட்டும்போது அவர் பக்கத்து இருக்கையில் விழித்திருப்பாரா, பின்னால் படுக்கையில் தூங்குவாரா? பயிற்சி என்று பெயர் சொல்லி, முதல் வாரத்திலேயே புதியவரையும் பழையவரையும் டீமாக்கி இரவு பகலாக ஓடவிடும் இடங்கள் உண்டு. அங்கே பழையவர் தூங்குகிறார், புதியவர் இருட்டில் தனியாக ஓட்டுகிறார். அதைப் பயிற்சி என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது சம்பளம் வரும் முறை. இதில்தான் நான் அடிபட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

என் முதல் கம்பெனி, "உன் பெயரில் ஒரு கார்ப்பரேஷன் பதிந்துகொண்டு வா, பிடித்தம் எதுவும் இல்லாமல் முழுப் பணமும் தருகிறோம்" என்றது. மற்ற இடங்களைவிட மைலுக்குச் சில சென்ட் அதிகம். மகிழ்ச்சியோடு பதிந்தேன். பிப்ரவரியில் ஒரு கிடங்கில் ட்ரெய்லரின் பின்கதவைத் திறக்க ஏறினேன். படியில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. இடது மணிக்கட்டு முறிந்து ஏழு வாரம் வீட்டில் இருந்தேன். கம்பெனியில் ஓட்டுநர்களுக்குச் சுமை ஒதுக்கி அனுப்பும் டிஸ்பாட்சரை அழைத்தபோது, "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லையே" என்ற ஒரே வரியோடு முடித்துக்கொண்டார். வேலையில் அடிபட்டால் உதவும் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற மாகாணக் காப்பீட்டில் என் பெயர் இல்லை. வேலையின்மைக் காப்பீட்டுக்கு ஒரு சென்ட்கூடக் கட்டப்படவில்லை. அடுத்த வசந்தத்தில் கணக்காளர் வரித்தொகையைக் காட்டியபோது, அதிகமாகக் கிடைத்த சென்ட்கள் எல்லாம் எங்கே போயின என்று விளங்கியது.

இதற்கு இங்கே 'டிரைவர் இன்க்' என்று பெயர். டிரக் கம்பெனியுடையது, சுமை கம்பெனியுடையது, எப்போது எங்கே போக வேண்டும் என்று சொல்வதும் கம்பெனி. நீங்கள் மட்டும் தனி வியாபாரியாம். கனடா வருவாய் முகமை இப்படிப்பட்ட கார்ப்பரேஷனைத் தனிநபர் சேவை வணிகம் என்று வகைப்படுத்தினால், சிறுதொழிலுக்கான வரிச்சலுகை கிடைக்காது, கழிக்கக்கூடிய செலவுகளும் மிகக் குறைவு. மாகாண எல்லையையோ நாட்டெல்லையையோ தாண்டி ஓடும் கம்பெனிகள் கனடா தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஊழியரை இப்படிப் பொய்யாக வகைப்படுத்துவதை அந்தச் சட்டம் 2021 முதல் தடை செய்கிறது. 2024 ஜூன் முதல், சம்பளம் வாங்குபவர் ஊழியர்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்றால் அதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். ஊழியராக இருந்தால் ஆண்டுக்கு 10 நாள் வரை சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, விடுமுறைச் சம்பளம், ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் உண்டு. ஒரே வாக்கியத்தில் கேளுங்கள்: "வருட முடிவில் எனக்கு டி-4 படிவம் (ஊழியருக்குக் கம்பெனி தரும் சம்பள, பிடித்தக் கணக்கு) தருவீர்களா?" பதிலைச் சுற்றி வளைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மைல் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைலுக்கு 60 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 400 மைல் ஓடினால் 240 டாலர். ஓட்டியது 8 மணி நேரம், கிடங்கு வாசலில் காத்திருந்தது 4 மணி நேரம். காத்திருப்புக்குக் காசு இல்லையென்றால் உங்கள் சம்பளம் மணிக்கு 20 டாலர்தான். ஆகவே காத்திருப்பு, சுமை எடுப்பது, இறக்குவது, பனியில் சாலை மூடி நடுவழியில் நிற்பது, இவற்றுக்கு என்ன தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கம்பெனி எப்படிப்பட்டது என்று அறிய, வாய்ப்பேச்சை நம்ப வேண்டியதில்லை. ஒன்டாரியோவில் ஒவ்வொரு டிரக் கம்பெனிக்கும் சி.வி.ஓ.ஆர். என்ற வணிக வாகன இயக்குநர் பதிவு உண்டு. விபத்துகள், தண்டனைகள், சாலையோரச் சோதனை முடிவுகள், பாதுகாப்புத் தரநிலை எல்லாம் அடங்கிய அறிக்கையைப் போக்குவரத்து அமைச்சகத்திடமிருந்து சிறு கட்டணத்துக்கு யாரும் வாங்கலாம். தரநிலை 'நிபந்தனைக்குட்பட்டது' என்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அமெரிக்காவுக்கு ஓடும் கம்பெனியானால், அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அதற்குத் தந்த யு.எஸ்.டாட் எண்ணைக் கொண்டு அமெரிக்க அரசின் சேஃபர் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இவ்வளவும் பார்த்த பிறகு, ஒருமுறை யார்டுக்குள் நடந்து பாருங்கள். நிற்கும் ட்ரெய்லர்களின் டயரைக் குனிந்து பாருங்கள். உடைந்த விளக்கு, கிழிந்த சேற்றுத்தடுப்பு, துருவேறிய பிரேக் உறுப்பு கண்ணில் படுகிறதா? அங்கே நிற்கும் ஓட்டுநரிடம், "பழுது எழுதிக்கொடுத்தால் சரிசெய்கிறார்களா?" என்று மட்டும் கேளுங்கள். அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பேசித் தெரியாதது அந்தப் பதிலில் தெரியும்.

ஓட்டும் நேரமும் சட்டத்துக்குள் அடங்கியது. கனடாவில் ஒரு நாளில் 13 மணி நேரம் ஓட்டலாம், மொத்த வேலை 14 மணி நேரம். அமெரிக்காவுக்குள் போனால் ஓட்டும் நேரம் 11 மணி நேரம்தான். மின்னணுப் பதிவுக் கருவி இதைக் கணக்கு வைக்கிறது. "நேரம் முடிந்துவிட்டது, அல்லது புயல் அடிக்கிறது என்று நான் நிறுத்தினால் என்ன செய்வீர்கள்?" என்று நேர்முகத்தில் கேட்டு, எதிரே இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். நல்ல கம்பெனி தயங்காமல், "நிறுத்திவிட்டு அழையுங்கள்" என்று சொல்லும்.

எல்லை தாண்ட விரும்புவோருக்கு: பி.ஆர். என்ற நிரந்தரக் குடியுரிமை அனுமதி கனடாவில் கிடைத்துவிட்டாலும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் அமெரிக்காவுக்குள் நுழைய விசா வேண்டும். அது கையில் வரும் வரை மாகாணத்துக்குள், அல்லது கனடாவுக்குள் ஓடும் வேலையைத் தேடுங்கள். எல்லை தாண்டும் வேலைக்குப் போதைப்பொருள் சோதனையும் உண்டு. 2018 முதல் கனடாவில் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தாலும், அமெரிக்க விதிப்படியான அந்தச் சோதனையில் அது தென்பட்டால் தோல்விதான்.

"எல்லாரும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்களே" என்ற கவலை நியாயமானது. காப்பீட்டு நிறுவனங்கள் புதியவர்களை ஏற்கத் தயங்குவதே அதற்குப் பெரும்பாலும் காரணம். புதியவர்களை எடுத்து முறையாகப் பழக்கும் பெரிய கம்பெனிகளில் தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கலாம், பரவாயில்லை. பழக்கியதற்கு ஈடாக இத்தனை மாதம் இருக்க வேண்டும், இடையில் விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் நீட்டினால், வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வேலைக் கடிதத்துக்கு என்று உங்களிடமே பணம் கேட்பவர்களை எந்தக் காரணத்துக்காகவும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, 2022 ஜூலைக்குப் பிறகு ஆட்டோமேட்டிக் வண்டியில் ஓட்டுநர் தேர்வு கொடுத்தவர்களின் உரிமத்தில் கைக்கியர் ஓட்டத் தடை இருக்கும். கம்பெனியில் என்ன வண்டிகள் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மணிக்கட்டு ஆறிய பிறகு நான் சேர்ந்த இரண்டாவது கம்பெனியில் மைலுக்குச் சில சென்ட் குறைவு. அங்கே ஐந்து வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் முப்பது ஆண்டு ஓடியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆள் இல்லாத கிடங்கு வாசலில், சுமை ஏற்றி இறக்கும் ஒரே டாக்குக்கு என்னை ஒன்பது முறை பின்னெடுக்க வைத்தார். ஒவ்வொரு முறையும் இறங்கி நடந்து போய் ட்ரெய்லரின் மூலையைக் கண்ணால் பார்த்துவிட்டு வரச் சொன்னார். ஒன்பதாவது முறை வண்டி நேராகப் போய் நின்றதும், ஒன்றும் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சரி, இனிச் சாப்பிடலாம்" என்றார். அந்தக் கம்பெனியில் நான் நான்கு ஆண்டுகள் இருந்தேன்.